எடைத்தாள்

என்சைம் மேட்டில் பனிமூட்டம்தான் நிரந்தர ஊழியர்.
காலை ஐந்தரைக்கு எனக்கு முன்பே வந்துவிடும்,
நாங்களெல்லாம் ஒப்பந்தம்.

பதினோரு வருடம் எடைத்தாள் எழுதினேன்,
சார்லாந்து அரசின் சொந்த விமானங்களுக்கு.
மொத்தம் மூன்று. தலைக்கு முப்பத்துமூன்று இருக்கை.
ஆணுக்கு இத்தனை கிலோ, பெண்ணுக்கு இத்தனை,
குழந்தை என்றால் முப்பத்தைந்து
என்று அட்டவணை சொல்லும்.
போக்குவரத்து மந்திரிக்கும் அதே ஆண் கிலோதான்,
ஆளைப் பார்த்தால் கொஞ்சம் கூடத் தோன்றினாலும்.

தொடக்க நாளில் மழை.
சுரங்கத் தொழிலாளர் இசைக்குழு
தொப்பி இறகு நனைய வாசித்தது.
பெரிய குழலைக் கவிழ்த்துத் தண்ணீர் கொட்டிவிட்டு
மறுபடி வாசித்தார் ஒருவர்.
"இதில் ஒவ்வொரு ஆணியும் உங்களுடையது"
என்றார் மந்திரி, ஒலிவாங்கி இரைய.

கூட்டம் கலைந்ததும்
அலாய்ஸ் ஷோர் என்னிடம் வந்தார்,
ஓய்வுபெற்ற சுரங்கக்காரர்.
கையில் காகிதம் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.
"என் ஆணி எது?"

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.
இடது இறக்கையின் அடியில்
வாய்க்கு வந்த ஒன்றைக் காட்டினேன்.
கட்டைவிரலை அதன்மேல் வைத்து
கொஞ்ச நேரம் எடுக்காமலிருந்தார்.

பிறகு வியாழன்தோறும் வேலிக்கு அப்பால் நிற்பார்.
ஒருநாளும் ஏறியதில்லை.

பெர்லின், ஹம்பர்க், மூனிச்.
இரண்டு வருடம் இருக்கை கிடைக்காமல் சண்டை.
மூன்றாம் வருடம்
நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத் தொலைவில்
பத்தொன்பது யூரோ விமானங்கள் வந்திறங்கத் தொடங்கின.
எங்களுக்கு இருபத்தாறு பேர்,
பதினேழு,
ஒரு பிப்ரவரி காலையில் ஏழு.

ஏழு பேரும் முன்னால் உட்கார்ந்தால் மூக்கு கனக்கும்.
வழக்கறிஞர் ஆல்ட்மையர் அம்மையாரைப்
பின்வரிசைக்குப் போகச் சொன்னேன்.
"வரி கட்டியது நான்.
முன்னால் உட்காரவும் நான்தான்" என்றார்.
பிறகு பையைத் தூக்கிக்கொண்டு
முணுமுணுத்தபடி போனார்.
அந்தப் பெண்மணி பின்னால் போனதால்தான்
அன்று பெர்லின் போனோம்.

சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு.
உணவறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், ஒலி குறைத்து.
ஒரு இருக்கை ஒருமுறை பறக்க
மக்கள் பணம் இருநூற்றுப் பதினான்கு யூரோ
என்றார் எதிர்க்கட்சிக்காரர்.
நாப்கினில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
கணக்கு சரி.
அதுதான் எனக்கு ஆத்திரம்.

இரண்டு விமானங்கள் ஏலத்துக்கு முன்பே போய்விட்டன.
மூன்றாவதை யாரோ தெற்கில் வாங்கினார்கள்.
விமானி ரோஸ்வீத்தா டிங்கர் மட்டும் ஓட்டிப் போக வேண்டும்,
அவருடன் ஒரு துணை விமானி.
பயணிகள்: இல்லை. பைகள்: இல்லை.
பின்பக்கம் இருநூற்றைம்பது கிலோ வேண்டும் என்றது கணக்கு,
வெறும் விமானம் சமநிலையில் நிற்காது.

மணல் மூட்டை இல்லை.
பக்கத்துக் கொட்டகையில்
சாலைத்துறையின் குளிர்கால உப்பு இருந்தது,
மூட்டை இருபத்தைந்து கிலோ.
பத்து மூட்டைகளைக் கடைசி வரிசைகளில் அடுக்கி
இருக்கைப் பட்டையும் வலையும் போட்டு இறுக்கினேன்.
டிங்கர் எட்டிப் பார்த்து,
"இவ்வளவு அமைதியான பயணிகளை
நான் ஏற்றியதே இல்லை" என்றார்.
சிரிக்கவில்லை.
தாளில் கையெழுத்துப் போட்டு நகலைக் கொடுத்துவிட்டுக்
கதவை மூடினார்.

அன்று செவ்வாய்.
வியாழக்கிழமை ஷோர் வந்தார்.
காலியான தளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கட்டைவிரலைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு
பேருந்துப் பக்கம் நடந்தார்.

டிசம்பரில் மேட்டுச் சாலை உறைந்தது.
சாலைத்துறையிலிருந்து கடிதம் வந்தது,
தில்லைநாயகம் என்ற என் பெயரில்
இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டு:
பத்து மூட்டை உப்பு குறைகிறது,
விளக்கம் தருக.

கம்பெனி இல்லை. முத்திரை இல்லை.
வீட்டு மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினேன்.
உப்பு பறந்துபோனது.
எடை சரியாக இருந்தது.